போடிலின் இரண்டு தட்டு

டக், டக். எலும்பு முட்டில் கத்தி முனையால் இரண்டு தட்டு. அப்புறம்தான் போடில் வெட்டத் தொடங்குவாள். பன்றியின் தோள்பகுதியான முன்சப்பை அவள் மேசைக்கு வந்து ஒரு நிமிஷத்துக்குள் எலும்பு தனியாகக் கழன்றுவிடும். அதில் பூனைக்குப் போடக்கூடக் கறி ஒட்டியிருக்காது.

ஐம்பத்தாறு வயது, குட்டை உருவம், இடது கையில் கம்பிவலைக் கையுறை. யூட்லாந்தில் உள்ள அந்தக் கறி ஆலையில் இருபத்தெட்டு வருஷமாக அதே மேசை. இடைவேளையில் கறுப்பு ரொட்டியில் ஈரல் பசையைத் தடவித் தின்றுவிட்டு, உப்புப் போட்ட அதிமதுர மிட்டாய்ப் பையை எல்லோருக்கும் நீட்டுவாள். இந்த வசந்தத்திலிருந்து ஒருவனுக்கு மட்டும் நீட்டுவதில்லை. பக்கத்து மேசை டோர்பனுக்கு.

எல்லாம் அந்த ஸ்மார்ட் கண்ணாடியால் வந்தது. அதைப் போட்டுக்கொண்டால் கறியின் மேலேயே பச்சைக் கோடு தெரியும். கோட்டின் மேல் ஒரு ஜோடிக் கைகள் நிழலாக வெட்டிக் காட்டும். அதைப் பார்த்து அப்படியே வெட்ட வேண்டியதுதான். அந்தக் கைகள் யாருடையவை என்பதில்தான் சிக்கல். ஆலையிலேயே சிறந்த கை வேண்டும் என்று வந்த கண்ணாடிக் கம்பெனிக்காரர்கள், ஒன்பது வருஷம் மட்டுமே வெட்டியிருக்கும் டோர்பனைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். உயரமாக இருக்கிறான், கேமராவுக்குத் தோது என்றார்கள்.

 போடில் நேரே மேற்பார்வையாளன் ஹென்னிங்கிடம் போய் நின்றாள்.

"ஆளு நெட்டையா இருந்தா கை நல்லா வெட்டுமாமா? அவன் வெட்டிப் போட்ட எலும்பைப் பாரு. ஒரு குடும்பத்துக்கே சூப்பு வைக்கலாம்!"

"பொறாமைப்படாத, போடில்."

"ஆமா, பொறாமைதான். படக் கூடாதா? இனிமே எல்லா ஆலையிலும் அவன் கைதான ஆடப்போகுது!"

நேற்று கூடத்தில் வெட்டுகிற பன்னிரண்டு பேரும் கண்ணாடி போட்டாக வேண்டும் என்று உத்தரவு. கழுத்தை நொடித்துக்கொண்டு போடிலும் மாட்டினாள். முன்சப்பையின் மேல் டோர்பனின் நிழல் கைகள் வந்தன. முதல் வேலையாக எலும்பு முட்டில் இரண்டு மஞ்சள் புள்ளிகள் மின்னின. டக், டக்.

அது அவளுடைய தட்டு.

"பாத்தீங்களா?" என்றான் ஹென்னிங், எல்லோருக்கும் கேட்கும்படி. "எலும்பு எங்க திரும்புதுன்னு அந்தச் சத்தத்துலயே தெரிஞ்சிருமாம். டோர்பனோட ரகசியம்!"

டோர்பன் கையுறையின் வாரை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தான்.

ரகசியமாவது மண்ணாங்கட்டியாவது! வேலைக்குச் சேர்ந்த புதிதில் போடிலின் கத்திக்குக் கைப்பிடி ஆட்டம் கண்டிருந்தது. வெட்டு நடுவில் கழன்றுவிடுமோ என்று பயந்து, ஒவ்வொரு தடவையும் இரண்டு தட்டுத் தட்டிப் பார்ப்பாள். அந்தக் கத்தி குப்பைக்குப் போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பழக்கம் மட்டும் போகவில்லை. அதைப் பக்கத்து மேசைக்காரன் பார்த்துப் பார்த்து வித்தை என்று நினைத்துப் பொறுக்கியிருக்கிறான். இப்போது நாடு முழுக்கத் தட்டப்போகிறார்கள்.

சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் கிழவிக்கு இன்னும் பொறாமை அடங்கவில்லை என்பார்கள். அடுத்த முன்சப்பைக்குக் கையை நீட்டினாள்.

இன்று காலை கூடம் முழுக்க டக், டக் என்று ஒரே சத்தம். போடில் முன்சப்பையை இழுத்துப் போட்டாள். டோர்பனின் கண் ஓரமாக இந்தப் பக்கம் திரும்புவதைக் கவனித்தாள். நிதானமாக, ஏதோ பெரிய காரியம் போல, மூன்று முறை தட்டினாள். அடுத்ததற்கும் மூன்று. அதற்கடுத்ததற்கும் மூன்று.

பிறகு கத்தியை அப்படியே பிடித்துக்கொண்டு காதைக் கொடுத்தாள்.

பக்கத்து மேசையில் டக், டக் என்றது. கொஞ்சம் தயக்கம். அப்புறம் இன்னொரு டக்.