கிரீடம் வைத்த நாற்பத்தொன்று

அன்று அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். பிரான்சிலிருந்து வந்திருந்த அக்கா, காரைக்காலில் அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அவருடைய தம்பி, நான், தனியாக அனுப்பினால் பாதி வழியில் திரும்பிவிடுவேன் என்று கூடவே வந்த என் மனைவி. நடுவில் மேசை. மேசைமேல் ஒரு பழைய மடக்குக்கத்தி.

அந்தத் தம்பி, விழிதியூரில் இருக்கும் என் கடைக்குத் தண்ணீர் மோட்டார் பழுதுபார்க்க வருகிறவர். நான் பழைய மடக்குக்கத்திகளைச் சேர்ப்பவன் என்று அவருக்குத் தெரியும். காலமான தன் அப்பாவின் கத்தியைப் படமெடுத்து, என்ன விலை போகும் என்று கேட்டு அனுப்பியிருந்தார். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய், எங்கள் பக்கத்துப் பேச்சில் சொல்தா. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அலகின் அடியில் 41 என்று ஓர் எண், அதன் தலையில் சின்னக் கிரீடம். அதே முத்திரையோடு என்னிடம் ஒரு கத்தி உண்டு, பிடி உடைந்தது. முழுசாக ஒன்றைக் கண்ணால் பார்ப்பேன் என்று நான் நினைத்ததே இல்லை.

காரைக்காலுக்குக் கிளம்பும்போது, உடைந்ததையும் ஒப்பிட்டுப் பார்க்க எடுத்துக்கொண்டோம். பஸ்ஸில் போலீஸ் சோதனை போட்டால் என்ன செய்வது என்று வாசலிலேயே நின்றுவிட்டேன். மனைவி அதைப் பிடுங்கித் தன் கூடையில் போட்டுக்கொண்டாள்.

“கேட்டா மாங்கா நறுக்கன்னு சொல்லிக்கிறேன். நீங்க பேசாம உக்காருங்க.”

ஆனால் அக்கா எடுத்த எடுப்பிலேயே கையை விரித்துவிட்டார். “மன்னிச்சுக்குங்க தம்பி. இவன் என்னைக் கேக்காம போட்டோ அனுப்பிட்டான். இதை விக்கிறதா இல்லை. இது அப்பாவோட பட்டாள நம்பர். அவரு தைரியத்தைப் பாத்து, கிரீடம் போட்டு அடிச்சுக் குடுத்தாங்களாம்.”

அது பட்டாள நம்பர் இல்லை என்று எனக்குத் தெரியும். சொன்னால் இறந்துபோன மனிதரைப் பொய்யர் ஆக்குகிறேன். சொல்லாவிட்டால் இந்தக் கத்தி எனக்கு எந்த ஜென்மத்திலும் இல்லை. மனைவி என் முகத்தைப் பார்த்தாள்.

“ஏதோ இருக்குல்ல? இங்கயே சொல்லிடுங்க. வீட்டுக்கு வந்து ஒரு மாசம் என்கிட்ட புலம்பாதீங்க.”

கூடையிலிருந்து உடைந்த கத்தியை எடுத்து மற்றதன் பக்கத்தில் வைத்தேன். “அக்கா, இதுலயும் அதே நம்பர்தாங்க.”

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்பாகிட்ட ரெண்டு கத்தியா இருந்துச்சு?”

“இல்லக்கா. இது செஞ்சவங்களோட அடையாளம்.”

அதன்பிறகு எங்கிருந்து வந்ததோ அந்தப் பேச்சு! எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். பிரெஞ்சுப் பக்கங்களைப் போனில் மொழிபெயர்த்து, ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை படித்துச் சேர்த்ததெல்லாம் திக்காமல் திணறாமல் வந்தது. பிரான்சில் தியேர் என்ற மலையூர். ஊரே கத்தி செய்யும் ஊர். ஒவ்வொரு பட்டறையும் தனக்கென ஓர் அடையாளத்தைப் பதிந்துகொள்ளும். அதை இன்னொருவர் அடிக்கக் கூடாது. சிலர் படம் வைத்தார்கள், சிலர் கிரீடத்தோடு எண் வைத்தார்கள். ஆற்றுத் தண்ணீர் சாணைக்கல்லைச் சுற்ற, ஆட்கள் அதன்மேல் பலகையில் குப்புறப் படுத்து அலகு தீட்டுவார்கள். குளிருக்கு அவர்கள் கால்மேல் நாய் படுத்திருக்கும்.

நான் நிறுத்தியதும் அக்கா கண்ணாடியைக் கழற்றினார். போச்சு, அழப்போகிறார் என்று பயந்தேன். அக்கா சிரித்தார். மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

“டேய், கேட்டியாடா! பொங்கலுக்குப் பொங்கல் கரும்பு சீவிக்கிட்டே குண்டு பறந்த கதை சொல்லுவாரே!”

“நான் அந்தக் கிரீடத்துக்கு சல்யூட்டெல்லாம் அடிச்சிருக்கேன்க்கா,” என்றார் தம்பி, பரிதாபமாக.

“நம்பர் அப்பாவோடது இல்லேன்னா என்ன, பொய் அப்பாவோடதுதான். அது எனக்குப் போதும்.” என் பக்கம் திரும்பினார். “கத்தி இங்க துருப்பிடிச்சுத்தான் கெடக்கும். ஜோடியோட இருக்கட்டும், எடுத்துக்குங்க தம்பி.”

“அக்கா, நான் விலை கேக்கத்தானே அனுப்புனேன்!”

“நீ சும்மா இரு.”

கையில் கொடுத்தால் சண்டை வரும் என்பதால், அவர் மேசைமேலேயே நகர்த்தினார். நான் கையை நீட்டியதும் அக்கா தடுத்தார். “இருங்க. நாங்க இருக்கற ஊர்ல கத்தியை சும்மா குடுக்க மாட்டாங்க, உறவு அறுந்துடும்பாங்க. ஒரு நாணயமாவது வாங்கிக்கணும். ஒரு ரூபாய் குடுங்க.”

என் சட்டைப்பை நிறைய ஐந்நூறு ரூபாய்த் தாள்கள்; இருந்த சில்லறையை பஸ் கண்டக்டர் வாங்கிக்கொண்டிருந்தார். மனைவி கூடையைக் கவிழ்த்துப் பார்த்தாள். தம்பி சாமி உண்டியலைக் குலுக்கினார், அதிலும் தாள்தான். போனில் அனுப்பட்டுமா என்று கேட்டேன். காசு என்றால் கையில் கனக்க வேண்டும் என்றுவிட்டார் அக்கா. கடைக்கு ஓட எழுந்தவனையும் உட்காரவைத்தார்.

“பாக்கியாவே இருக்கட்டும். அடுத்த தடவை நான் வர்றப்ப கொண்டாந்து குடுங்க. இன்னும் நெறைய கதை கேக்கணும்.”

கத்தியை நானே எடுத்தேன். அலகு ஒரு சொடுக்கோடு திறந்தது. வாசல்வரை நெஞ்சை நிமிர்த்தி நடந்ததாக என் மனைவி இன்றும் எல்லோரிடமும் நடித்துக் காட்டுகிறாள். அக்கா அந்த வாரமே விமானம் ஏறிவிட்டார். நான் அவருக்குக் கொடுக்க வேண்டியது, இன்றுவரை, ஒரு ரூபாய்.