முன்பக்கத் தோற்றம்

பெங்களூர் பொம்மசந்திராவில் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் முப்பத்தொரு வருடம் தரப் பரிசோதகனாக இருந்தேன். ஓய்வுக்குப் பிறகும் ஒப்பந்தத்தில் வைத்துக்கொண்டார்கள். அப்போதுதான் கர்நாடக மாநில நாளான ராஜ்யோத்சவத்தை ஒட்டிக் கேலிச்சித்திரப் போட்டி ஒன்று வைத்தார்கள். கூட வேலை செய்பவர் ஒருவரை வரைய வேண்டும். பெயர் எழுதக் கூடாது. பார்ப்பவர்கள் அது யார் என்று சீட்டில் எழுதிப் படத்துக்குக் கீழே உள்ள டப்பாவில் போடுவார்கள். அதிகம் பேர் அடையாளம் கண்ட மூன்று படங்கள் சட்டம் போட்டுக் கேண்டீன் சுவரில் மாட்டப்படும்.

எனக்கு வரையத் தெரியாது. என் பெயரைக் கொடுத்தவர் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர். தர்மபுரிக்காரர், என் வயதுதான். பத்தொன்பது வருடமாக மதியச் சாப்பாட்டுக்கு எனக்கு எதிரே உட்காருபவர். அந்த மாதத்தோடு அவர் ஒப்பந்தம் முடியவிருந்தது. மூக்கு மிக நீளம். அதைச் சொல்லி முதலில் சிரிப்பவரும் அவரே.

“நீயே வரை, இன்ஸ்பெக்டர். நான் போனப்புறம் என் மூக்காவது இந்தக் கேண்டீன்ல இருக்கட்டும்.”

“வட்டம் போடவே எனக்குக் காம்பஸ் வேணும்யா.”

“என் மூஞ்சிக்குத் திறமை எதுக்கு? மூக்கைப் போட்டு ரெண்டு பக்கமும் காதை ஒட்டிவிடு, போதும்.”

விளையாட்டுப் பேச்சு என்றுதான் நினைத்தேன். மறுநாள் முடி வெட்டி, இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்றார்.

நேராக நிற்கவைத்து செல்போனில் படமெடுத்தேன். எந்த உதிரிபாகத்தையும் முன்பக்கத் தோற்றத்திலிருந்தே வரையத் தொடங்குவோம், பழக்கம். அதை அச்செடுத்து, ஸ்டீல் ஸ்கேல் வைத்து இருபத்து மூன்று அளவுகள் எடுத்தேன். எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கி, பொம்மனஹள்ளி வீட்டில் நான்கு மாலைகள் உட்கார்ந்து வரைந்தேன். மூக்கு சாதாரண மூக்காகவே வந்தது. இதற்கா இத்தனை வருடம் சிரித்தோம் என்றுகூட நினைத்தேன். கொஞ்சம் பெரிதாக்கலாமா என்று பென்சில் போனது. அரை மில்லிமீட்டர் கூடினாலும் கழித்துப் போட்டே சம்பளம் வாங்கியவன், மனம் வரவில்லை.

டப்பாவைத் திறந்தபோது என் படத்துக்குப் பதினொரு சீட்டுகள். நான்கில் கணக்குப் பிரிவு மேலாளர். மூன்றில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். மூன்றில் நான். ஒன்றில், ‘பொண்ணு பார்க்க வந்த மாப்பிள்ளை’.

“அங்கிள், யாரை வரைஞ்சீங்க, நிஜமா?” என்று போட்டி நடத்திய பெண் கேட்டாள்.

ஸ்டோர்ஸ்காரர் எழுந்து போய்ப் படத்தின் பக்கத்தில் நின்றார். அப்போதும் கூட்டத்துக்கு விளங்கவில்லை. மெதுவாக முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார். மூக்கு முழுசாகத் தெரிந்தது. கேண்டீனே சிரித்தது.

“சைடுல போட்டிருக்கணும் குரு,” என்றான் எல்லோரையும் குரு என்றே கூப்பிடும் லேத் ஆள் ஒருவன்.

அதுதான் விஷயம். அவர் மூக்கின் நீளம் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. நேரே நின்று பார்த்தால் தெரியாது. எந்தப் பாகத்துக்கும் பக்கத் தோற்றம் இல்லாத வரைபடத்தை நான் ஒப்புக்கொண்டதே இல்லை.

அவரும் சிரித்தார். சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டார்: “ஒருத்தன்கூட என் பேரைப் போடலையா?”

“இல்ல.”

“சும்மா கேட்டேன், அவ்வளவுதான். ரசத்தை இப்படித் தள்ளு.”

மாதம் முடிந்து ஊருக்குப் போய்விட்டார். சுவரில் மாட்டிய மூன்று படங்களில் ஒன்று, சேர்ந்து எட்டு மாதமே ஆன ஒரு டிரைவரின் முகம். எதிர் நாற்காலியில் யார் யாரோ உட்கார்ந்தார்கள். நான் சாப்பாட்டை என் வேலை மேஜைக்கே கொண்டுவரச் சொல்லிவிட்டேன்.

இப்போது பஸ்ஸில், வங்கியில், எவரையும் பக்கவாட்டில் வரைகிறேன், சுமாராக வருகிறது. அவரை வரைய உட்கார்ந்தால் மூக்கு எங்கே வளைந்தது என்று நினைவில்லை. செல்போனில் அவர் இருக்கும் பதினான்கு படங்களிலும் நேராகவே பார்க்கிறார். கூப்பிட்டு, பக்கவாட்டில் நின்று ஒரு போட்டோ அனுப்பச் சொன்னேன்.

“எதுக்கு?”

“சரியா வரையலாம்னுதான்.”



“வேணாம் விடுய்யா. இனிமே வரைஞ்சு எந்தச் சுவத்துல மாட்டப்போற?”