தண்டவாளம் இல்லாத பாதையில் ஒரு கல்யாண ஊர்வலம்

இரும்புப் பாலத்தின் நடுவில் சைக்கிளை நிறுத்தி, கம்பிகளுக்கு மேலால் கீழே எட்டிப் பார்த்த அந்தக் கணம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. கீழே வீதியில் கார்கள் அசையாமல் வரிசையாக நின்றன. நடுவில் ரோசாப் பூக்களால் சோடித்த வெள்ளைக் கார் ஒன்று. என்னை ஏற்றிப்போக வந்த கல்யாணக் கார் அது. பட்டு வேட்டியோடு அதற்குப் பக்கத்தில் இறங்கி நின்ற அண்ணா தற்செயலாக அண்ணாந்து பார்த்தான். மேலே நான், நெற்றிச்சுட்டியும் கொண்டை மாலையுமாக, சிவப்புப் பட்டுச் சேலையை உயர்த்தி இடுப்பில் செருகிக்கொண்டு, காலில் விளையாட்டுச் சப்பாத்தோடு நின்றேன். எனக்கு முன்னால் மஞ்சள் தலைக்கவசத்தோடு சித்தி. அண்ணா திறந்த வாயை மூடவில்லை. சித்தி திரும்பிப் பார்த்து, "நில்லாதை பிள்ளை, நேரம் போகுது" என்றார்.

சித்தி என் அம்மாவின் ஒரே தங்கை. நான் சின்னப் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே சித்தப்பா இறந்துவிட்டார். அதற்குப் பிறகு சித்தி காரை விற்றுவிட்டு, யாரோ பாவித்த சைக்கிள் ஒன்றை வாங்கினார். ஜேர்மனியின் எசன் நகரத்தில் அவர் இருந்த மாடிக்குடியிருப்பின் பின்னால், ஒரு காலத்தில் நிலக்கரி ஏற்றிப்போன ரயில் பாதை ஒன்று கிடந்தது. தண்டவாளங்களைக் கழற்றி, தார் போட்டு, சைக்கிள் ஓடுகிறவர்களுக்கென்று விட்டிருந்தார்கள். சித்தி அதை 'லைன்' என்றுதான் சொல்லுவார். ஆஸ்பத்திரிச் சமையலறை வேலைக்கு மழையிலும் பனியிலும் லைனால்தான் போய் வருவார். புருஷன் போன பிறகு சைக்கிளில் ஊர் சுற்றுகிறாள் என்று சிலர் கதைத்தார்கள். சித்தி அதற்குப் பதில் சொன்னதும் இல்லை, சைக்கிளை விட்டதும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அவரோடு போவேன். நகரத்துக்குள்ளேயே நகரத்துக்குத் தெரியாமல் ஓடுகிற பாதை அது. வீடுகளின் முதுகுகள்தான் தெரியும். காயப்போட்ட துணிகள், சின்னச் சின்னத் தோட்டங்கள், அவற்றில் இறைச்சி சுடுகிறவர்களின் புகை. இரண்டு பக்கமும் வெள்ளைத் தண்டுள்ள பேர்ச் மரங்கள் தாமாகவே முளைத்து வளர்ந்திருந்தன. கோடை முடிகிற நேரம் முட்பற்றைகளில் கறுப்புப் பழம் பழுக்கும். விரல்கள் ஊதாவாகும்வரை பிடுங்கித் தின்போம். இறக்கம் வந்தால் சித்தி மிதிப்பதை நிறுத்தி, இரண்டு கால்களையும் அகல நீட்டிக்கொண்டு போவார். வீட்டில் அவ்வளவு பேசாத மனுசி லைனில் ஏறியதும் வாய் ஓயாமல் கதைப்பார். சந்தோசம் என்றால் அவருக்குப் பின்னால் சைக்கிள் ஓடுவது என்றுதான் எனக்கு வெகுகாலம் நினைப்பு.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, மண்டபத்தில் கடைசி வரிசையில் இருந்து பார்ப்பேன், முன்னுக்கு வரமாட்டேன் என்று சித்தி முதலிலேயே சொல்லிவிட்டார். புருஷனை இழந்தவள் பெண்ணுக்கு எதிரே வந்தால் ஆக்கள் கதைப்பார்கள் என்ற பயம். கல்யாணத்துக்கு முன்னால் நடந்த பூச்சூடலுக்கும் அவர் வரவில்லை. அம்மாவும் அவரை வற்புறுத்திக் கூப்பிடவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சித்தி வீட்டில் இருந்துதான் வெளிக்கிடுவேன் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். மண்டபத்துக்கு அது கிட்ட என்று ஒரு சாட்டுச் சொன்னேன். கடைசியில் அம்மா சம்மதித்தா.

அன்று காலை அலங்காரம் முடிகிற நேரம் தொலைபேசி அடித்தது. கட்டட வேலைக்குத் தோண்டிய இடத்தில் இரண்டாம் உலக யுத்தக் காலத்துக் குண்டு ஒன்று கிடைத்திருக்கிறதாம், அதைச் செயலிழக்கச் செய்யும்வரை பொலிஸ் பெரிய வீதிகளை மறித்திருக்கிறதாம். இந்தப் பக்கத்தில் இது நடக்கிற காரியம்தான், ஆனால் முகூர்த்தம் அதற்காகக் காத்திருக்காது. காரோடு வீதியில் மாட்டியிருந்த அண்ணா அழாத குறையாக, "ஒண்டும் செய்யேலாது, கார் நகருதில்லை" என்றான். நான் கட்டிலில் இருந்துவிட்டேன். சித்தி பின்பக்க யன்னலால் லைனை எட்டிப் பார்த்தார்.

"லைனைப் பூட்டேல்லை. குண்டு கிடக்கிற பக்கம் அது போகாது. லைனால போனா அரை மணித்தியாலம் காணும்" என்றார். பிறகு என் சேலையைப் பார்த்து, "இதோட ஓடுவியே?"

"ஓம், ஓடுவன்."

"வாசல்வரைக்கும் நான் வாறன். உள்ளுக்கு நீ அம்மாவோட போ."

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஓடிய சைக்கிள் இன்னும் சித்தியின் நிலவறையில் இருந்தது. சித்தி சக்கரங்களுக்குக் காற்றடித்தார். அலங்காரம் செய்ய வந்த அக்கா என் சேலையை ஊசிகளால் இறுக்கிவிட்டா. லைனில் ஏறிய பிறகு பயமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. ஓட்டப் பயிற்சி செய்துகொண்டிருந்தவர்கள் ஒதுங்கி நின்று கைதட்டினார்கள். நாயோடு வந்த முதியவர் தொப்பியைக் கழற்றினார். தோட்டத்தில் நின்ற பெண்ணொருத்தி வேலிக்கு மேலால் வாழ்த்துச் சொன்னாள். கொண்டை மாலையிலிருந்து மல்லிகைப் பூக்கள் உதிர்ந்துகொண்டே வந்தன. இறக்கத்தில் சித்தி கால்களை அகல நீட்டினார். சேலையோடு நானும் நீட்டினேன். இருவரும் சிரித்த சிரிப்பில் சைக்கிள் தடுமாறியது.

விடியவே மண்டபத்துக்குப் போயிருந்த அம்மா வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றா. ஆரத்தி எடுக்கவிருந்த இரண்டு மாமிமாரும் நெரிசலில் மாட்டியிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் சிலர் அங்கே நின்றார்கள். நான் இறங்கியதும், சித்தி சைக்கிளைத் திருப்பினார்.

"தங்கச்சி, மற்றப் பக்கம் பிடி" என்றா அம்மா.

சித்தி சைக்கிள் கைபிடியை விடவில்லை. "அக்கா, நான் எப்பிடி..."

"பிள்ளையைக் கொண்டுவந்து சேர்த்தது ஆர்? பிடி."

என் மாமியார் ஆகப்போகிறவர் முன்னுக்கு வந்தார். அவரை நான் அதுவரை இரண்டு முறைதான் சந்தித்திருந்தேன். சித்தியின் தாடைக்குக் கீழே இருந்த பட்டியைக் கழற்றி, அந்த மஞ்சள் தலைக்கவசத்தைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, வேர்வையில் ஒட்டியிருந்த சித்தியின் தலைமயிரை ஒதுக்கிவிட்டார். "இப்ப பிடியுங்கோ" என்றார். சகோதரிகள் இருவரும் தட்டைப் பிடித்து எனக்கு முன்னால் மூன்று முறை சுற்றினார்கள். பாதிக் கதிரைகள் வெறுமையாக இருந்த மண்டபத்தில், சித்தி முதல் வரிசையில் இருக்க எனக்குத் தாலி ஏறியது. சாப்பாட்டு நேரத்துக்குள் குண்டு செயலிழந்து, வீதி திறந்து, மற்றவர்களும் அண்ணாவும் வந்து சேர்ந்தார்கள்.

இப்போது சித்தி ஓய்வுபெற்றுவிட்டார். என் மகளும் நானும் அவரோடு லைனில் போகிறோம். மகளுக்கு எங்கள் வேகம் காணாது. போன ஞாயிறு மாமியார் தொலைபேசியில் அழைத்தார். தன் இளைய மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, ஆரத்திக்கு வேறு ஆளை நினைக்கவில்லை, சித்தியைக் கேட்டுச் சொல் என்றார். வழியோரம் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த சித்தியிடம் சொன்னேன். அவர் போத்தலை மெதுவாக மூடினார்.

"மண்டபம் எவ்விடத்திலயாம்?" என்று மட்டும் கேட்டார். "லைனுக்குக் கிட்டவோ?"