வெள்ளிக்கிழமைப் பால்

என் தம்பி சின்னப்பா 1991இல் ஒரே ஒரு மாட்டோடு நீலசந்திராவில் பால் வியாபாரம் தொடங்கினான். ஏழு வருடத்தில் மூன்று மாடு, பத்தொன்பது வீடு என்று ஆனது. மாட்டை வாசலுக்கே ஓட்டிப் போய், வீட்டுக்காரர்கள் பார்க்கக் கறந்து கொடுப்பான். அவன் தண்ணீர் கலந்தான் என்று இதுவரை ஒருவர்கூடச் சொன்னதில்லை. வெள்ளிக்கிழமைகளில் முதல் கறவை இரண்டு லிட்டரும் மாரியம்மன் கோயில் அபிஷேகத்துக்குப் போகும். அவனைவிட ஆறு வயது மூத்தவள் நான். அந்தப் பால் சொம்போடு அவன் தெருவில் போகும்போது நான் வாசலில் வந்து நின்று பார்ப்பேன்.

1998 மார்ச்சில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. காலையில் இருக்காது. சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் ஏறும். பிறகு பாய் நனைகிற அளவுக்கு வியர்க்கும். இடுப்பும் முட்டியும் வலிக்கும். நான் எட்டாவது வரைதான் படித்தேன், ஆனால் தெர்மாமீட்டர் பார்க்கத் தெரியும். தினமும் இரண்டு வேளை பார்த்து நோட்டில் எழுதினேன். பத்து நாள் காயும், ஒரு வாரம் விடும், மறுபடியும் காயும். ஒரு கிளினிக்கில் டைபாய்டு என்றார்கள், இன்னொன்றில் மலேரியா என்றார்கள். ஐந்து மாதம் இப்படியே போனது.

அவன் மனைவி பாஞ்சாலியும் புல்லுக்கட்டு சுமந்து சோர்ந்துபோனாள்.

"காலைல நல்லாத்தான் கீற. சாணி அள்ற நேரம் வந்தா மட்டும் ஜொரம் வந்துடுது உனக்கு."

"நான் இன்னா, வேணும்னா வரவச்சிக்கறேன்?"

எனக்கே ஒரு சமயம் சந்தேகம் வந்தது. நோட்டைப் பார்த்துத்தான் வாயை மூடிக்கொண்டேன்.

ஆகஸ்டில் அந்த நோட்டோடு அவனை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். வைஷ்ணவி என்ற சின்ன வயது டாக்டர் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்ன வேலை செய்யறீங்க?" என்றார். அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. பால்காரன் என்றான்.

"மாடு ஏதாவது கன்னு போட்டுச்சா, குறை மாசத்துல?"

"பிப்ரவரில, டாக்டரம்மா. ஏழு மாசக் கன்னு, செத்து வந்துச்சு. நஞ்சுக்கொடி விழல. நான்தான் கைய வுட்டு எடுத்தேன்."

"வெறுங்கையாலயா?"

"பின்ன இன்னாங்க, கரண்டியாலயா எடுப்பாங்க?"

டாக்டர் சிரித்துவிட்டார். ரத்தம் சோதித்ததில் புரூசெல்லா என்ற கிருமி என்று தெரிந்தது. அது மாட்டிடமிருந்து மனிதனுக்கு வருவதாம். ஆறு வாரத்துக்கு மாத்திரை, கூடவே ஊசி. "பச்சைப் பால்லயும் பரவும். காய்ச்சினா செத்துடும்" என்றார். மாட்டு டாக்டரும் வந்து ரத்தம் எடுத்துப் போனார். மூன்று மாட்டில் இரண்டுக்கு இருந்தது.

"வாயத் தொறக்காத. எல்லார் வூட்லயும் காய்ச்சித்தான் குடிக்கறாங்க" என்றாள் பாஞ்சாலி.

"கோயில்ல?" என்றான் தம்பி.

அபிஷேகப் பாலை யாரும் காய்ச்சுவதில்லை. வழிவதைப் பிடித்து அப்படியே உள்ளங்கையில் ஊற்றுவார்கள். வெள்ளிக்கிழமை நூறு பேராவது குடிப்பார்கள். வெளியே சொன்னால் வீடுகள் போய்விடும், பிழைப்பே போய்விடும். அது அவனுக்கும் தெரியும். இருந்தும் அன்று சாயங்காலம், 102 டிகிரி காய்ச்சலோடு, "அக்கா, நீயும் வா" என்று என்னையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்கு நடந்தான்.

பூசாரி உத்தமன் கேட்டுவிட்டு முகம் சுளித்தார். "அம்மா மேல பட்ட பால்ல நோவு வருமா? இன்னாடா பேசற?"

"எனக்கு வந்துகீதே. காய்ச்சிக் கொண்டாந்து தரட்டா?"

"காய்ச்சின பால் அபிஷேகத்துக்கு ஆவாது."

"பாக்கெட் பாலு?"

"அது ஆவும்."

"அதுவும் மிஷின்ல சுட்டதுதான், பூசாரி."

"நம்ம கண்ணு முன்னாடி சுடலயே!"

தம்பி படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். சிரிக்கக்கூட அவனுக்குத் தெம்பில்லை. அந்த வெள்ளியிலிருந்து பாக்கெட் பால்தான் வாங்கிக் கொடுக்கிறான்.

பத்தொன்பது வீட்டுக்கும் அவனே போய்ச் சொன்னான். கோயிலுக்கு அடுத்த சந்தில் இருந்துகொண்டு ஒரு வெள்ளிகூட அபிஷேகப் பாலைத் தவறவிடாத சுப்புலக்ஷ்மி அம்மா தெருவே கேட்கக் கத்தினார். "இத்தன நாளு ஊத்திட்டு இப்ப வந்து சொல்றியா? இனிமே இந்தப் பக்கம் வராத!" ஒரே வாரத்தில் பதின்மூன்று வீடுகள் பாலை நிறுத்திவிட்டன. மாட்டுத் தரகர் ஒருவர் வந்து, அந்த இரண்டையும் தூரத்துச் சந்தையில் தள்ளிவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்றார்.

"வாங்கறவனும் வெறுங்கையாலதானே நஞ்சு எடுப்பான்" என்று சொல்லி அனுப்பிவிட்டான். அவற்றைத் தனியாகக் கட்டி, கறக்காமல் தீனி மட்டும் போடுகிறான். என் தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை, இதை எல்லோரும் செய்துவிட மாட்டார்கள்.

அக்டோபரில் காய்ச்சல் நின்றது. இடுப்பு வலி இன்னும் போகவில்லை.

டிசம்பரில் ஒரு நாள் காலை, சுப்புலக்ஷ்மி அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"சின்னப்பா, அந்த டாக்டரம்மா எந்த ரூம்ல கீறாங்க? ஆடி மாசத்துலேருந்து முட்டி வலி, சாயந்தரம் ஆனா ஜொரம். வயசாச்சுன்னு வுட்டுட்டேன்."

தம்பி சட்டையை மாட்டிக்கொண்டு அவரை பஸ்ஸில் கூட்டிப் போனான். அவருக்கும் அதே கிருமிதான். மாத்திரையைச் சரியாகத் தின்கிறாரா என்று இப்போது தினமும் போய்க் கேட்டுவிட்டு வருகிறான். பால் மட்டும் அவர் இன்னும் கடையில்தான் வாங்குகிறார்.