இடித்த வீட்டிலேயே குடியிருந்தோம்

கேளம்பாக்கத்தில் நாங்கள் வாங்கிய பழைய மாடி வீட்டுக்கு எதிரே, அச்சு அசலாக அதே போல் இன்னொரு வீடு இருந்தது. இரண்டையும் ஒரே மேஸ்திரிதான் கட்டினாராம். அந்த வீட்டில், கோவளம் கரையில் மீன் எடுத்து விற்கும் ஓர் அக்கா இருந்தார்.

குடிபோன ஆறாம் மாதம் மழையில் எங்கள் மொட்டைமாடி ஒரு மூலையில் ஒழுகியது. நானும் கணவரும் சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர்கள். கட்டடத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஓர் இன்ஜினியரைக் கூப்பிட்டோம். அவர் சுவரை இரண்டு இடத்தில் தட்டிப் பார்த்தார்.

"இன்னும் ரெண்டு மழை தாங்காது மேடம். ரிப்பேர் பண்றது வேஸ்ட். இடிச்சிட்டுக் கட்டிடுங்க."

கட்டித் தரப்போவதும் அவரேதான் என்பதை ஒரு சௌகரியமாக மட்டுமே எடுத்துக்கொண்டோம்.

படூரில் ஒரு ஃபிளாட்டுக்கு வாடகைக்கு மாறினோம். இடிக்க இரண்டு நாள் போதும் என்றிருந்தார். முதல் நாள் முழுக்க ஜேசிபி முன்பக்கச் சுவரோடு மல்லுக்கட்டியது. மறுநாள் அதன் பல் ஒன்று உடைந்தது. ஓட்டுநர் இறங்கி என்னிடம் வந்தார்.

"இன்னா மேடம், நல்லா கீற வூட்ட எதுக்கு இடிச்சிகினு கீறீங்க?"

"உறுதி இல்லைன்னு சொன்னாங்க."

"யாரு சொன்னது?"

இன்ஜினியர் ஃபோன் பேசிக்கொண்டே தெருமுனைக்குப் போயிருந்தார்.

ஒன்பது நாள் ஆனது. எதிர் வீட்டு அக்கா தினமும் கரையிலிருந்து திரும்பியதும் வாசலில் நின்று பார்த்தார். அவர் வீடும் ஒழுகியதால் அவரும் இடித்துக் கட்டத்தான் நினைத்திருந்தாராம். கடைசிச் சுவர் விழுந்ததும் என்னிடம் வந்தார்.

"நல்ல வேளம்மா, நீ முன்னாடி இடிச்ச. நான் மேல்தளத்த மட்டும் சரி பண்ணிக்கிறேன்."

"அந்தக் காலத்துக் கட்டடம், இரும்பு மாதிரி" என்று அவரிடம் சொல்லி, அந்த வேலையையும் எங்கள் இன்ஜினியரே பிடித்துக்கொண்டார்.

இரண்டே மாதத்தில் அக்கா வீடு பளபளத்தது. எங்களுடையது தூண்களாக நின்றது. இதற்கிடையில் படூர் ஃபிளாட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். "எங்க மாடி சும்மாதான கீது, வாங்க. வேலையையும் பாத்துக்கலாம்" என்றார் அக்கா.

அங்கே எங்களுக்கு எதுவுமே புதிதாக இல்லை. அதே ஜன்னல், அதே காற்று, அதே மாடிப்படி. சுவிட்ச் எங்கே என்று தேடாமலே கணவரின் கை போனது. முதல் வாரம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மழை வந்தது, ஒரு சொட்டு இறங்கவில்லை. எனக்கு அழுகைதான் வந்தது. பிறகு வெட்கம் போய் சுகமாகிவிட்டது.

எட்டு மாதத்தில் எங்கள் வீடு முடிந்தது. "பெயிண்ட் வாசனை போகட்டும்" என்றார் கணவர். நானும் மறுக்கவில்லை. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அக்கா கேட்டார்:

"ஏம்மா, அவ்ளோ பெரிய வூட்ட கட்டிட்டு இங்கயே கீறீங்களே?"

"ஆடி முடியட்டும் அக்கா" என்றேன்.

அப்போது வைகாசிதான் பிறந்திருந்தது.