நிலைக்கு மேல் தொங்கிய துஆ

காலை 9.10. கடலூரிலிருந்து பரங்கிப்பேட்டை பஸ். டிக்கெட் முப்பது ரூபாய், தூரமும் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். போர்த்துக்கீசியர் அந்த ஊரைப் போர்ட்டோ நோவோ என்றார்கள். முஸ்லிம் மன்னர்கள் காலத்தில் மஹ்மூது பந்தர். டச்சுக்காரர், டேனிஷ்காரர், ஆங்கிலேயர் எல்லோரும் கடை விரித்தார்கள். இத்தனை மொழி புழங்கிய ஊரின் வரலாற்றை ஒரே நாளில் எழுதிவிடலாம் என்று கிளம்பிய என் துணிச்சலை என்ன சொல்ல!

ஜன்னலோரம் ஜுலைகா அக்கா, பரங்கிப்பேட்டைக்காரர். மடியில் துண்டு சுற்றிய கண்ணாடிச் சட்டம். அவர் குடியிருக்கும் வீட்டை அண்ணன் விற்கப் போகிறாராம்.

"எங்கள்ல வூடு பொண்ணுங்களுக்குத்தான். ஆம்பளைங்க பொண்டாட்டி வூட்டுக்குப் போயிடுவாங்க. காக்கா இப்ப, எழுத்துல எங்க இருக்குன்றாரு. இன்னிக்கே கையெழுத்துப் போடணுமாம்."

அண்ணனைக் காக்கா என்றுதான் அழைக்கிறார்கள்.

9.45. செம்மங்குப்பம் தாண்டியும் சிப்காட் ஆலைகளின் ரசாயன வாடை விடவில்லை. அக்கா துண்டைப் பிரித்தார். உம்மா காலத்திலிருந்து வாசல் நிலைக்கு மேல் தொங்கிய துஆ, அதாவது பிரார்த்தனை. புகை படிந்து எழுத்தே தெரியாமல் கறுத்த கண்ணாடியைக் கடலூரில் மாற்றிக்கொண்டு வருகிறார்.

"வூடு போனாலும் இத வுடமாட்டேன்."

"ஓதுங்களேன், கேக்கறேன்" என்றேன்.

முக்காட்டை இழுத்துவிட்டு, அரபு எழுத்தில் விரல் வைத்து ஓதத் தொடங்கினார். பொருள் தெரியாமலே குர்ஆன் ஓதிப் பழகிய வாய். இரண்டொரு எழுத்தில் தடுக்கினாலும் ராகம் தவறவில்லை. நான் மாதா கோயில்காரி, அரபில் ஓரெழுத்தும் அறியேன். ஆனால் எனக்குப் புரிந்தது!

"அக்கா, நிறுத்துங்க. இது தமிழு!"

அரபு எழுத்தில் தமிழ் எழுதுவது இந்தக் கடற்கரை முஸ்லிம்களின் பழைய வழக்கம். இம்முறை ராகமில்லாமல் படித்தார்: "இந்த வீட்டை என் மகள் கதீஜாவுக்குக் கொடுத்தேன். அவளுக்குப் பின் அவள் பெண்மக்களுக்கு. ஆண்மக்கள் விருந்தாளியாக வந்து போகலாம்."

கதீஜாதான் அக்காவின் அம்மா. முட்லூரில் பஸ் கிழக்கே திரும்பும்வரை அக்கா அந்த வரிகளையே விரல் வைத்துத் திரும்பத் திரும்பப் படித்தார்.

10.25. பரங்கிப்பேட்டை. பைக்கோடு நின்றிருந்த அண்ணன், "இவ்ளோ நேரமா? வாங்குறவங்க கெளம்பிட்டாங்க" என்றார்.

"காக்கா, மொதல்ல இத ஓதுங்க."

எரிச்சலோடு ஓதினார். கடைசி வரியில் நின்றுவிட்டார். இந்தக் காகிதம் சட்டப்படி செல்லாது என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. போனை எடுத்தார்.

"வர வேணாங்க. அது என் வூடு இல்ல, தங்கச்சி வூடு."

பிறகு கண்ணாடிச் சட்டத்தைத் துண்டில் சுற்றி அக்காவிடம் கொடுத்தார்.

"வந்தா ஒரு டீயாவது குடுப்பியா, புள்ள?"