டெல்னாவுக்கான ஜெபம்

"எப்ப வலிக்குது?" என்று மகளிடம் போனில் கேட்டாள் மினிமோள். குவைத்தில் நர்ஸ். யாருக்கு எந்த நோவு என்றாலும் அவளுடைய முதல் கேள்வி அதுதான்.

"சாயங்காலம்."

"சாப்பிடறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"நான் என்ன உன் வார்டுல படுத்திருக்கிற ஆளா அம்மா?"

"அவங்க உன்னைவிட ஒழுங்கா பதில் சொல்லுவாங்கடி. மத்தியானம் என்ன தின்ன?"

"கப்பக்கிழங்கும் மீனும்."

"பொய். நீ தட்டை அப்படியே பூனைக்கு வச்சேன்னு உங்க அப்பா சொன்னாரு."

"பூனைக்கு என்ட்ரன்ஸ் பரீட்சை இல்லம்மா. அதுக்குப் பசிக்குது."

மினிமோளுக்குச் சிரிப்பு வந்தது. போனை வைத்ததும் அந்தச் சிரிப்பு மறைந்துவிட்டது.

டெல்னாவுக்குப் பதினேழு வயது. அம்மா குவைத் போனதிலிருந்து தம்பி எட்வினை எழுப்பி, சோறு கட்டிப் பள்ளிக்கு அனுப்புவது அவள்தான். பங்குச் சாமியார் இருமுவதை அப்படியே இருமிக் காட்டி வீட்டையே சிரிக்க வைப்பாள். இந்த வருஷம் அதெல்லாம் இல்லை. சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. வயிற்று வலிக்கு எடுத்த ஸ்கேனில் ஒன்றும் இல்லை. பாலா டவுனில் பார்த்த டாக்டர் வாயு என்றார்.

மினிமோள் லீவு கேட்டு ஊருக்கு வந்தாள். வந்த அன்றே சாயங்கால ஜெபத்தில் உட்கார்ந்தாள். ஜெபமாலை முடிந்ததும் ஒவ்வொருவரும் தங்கள் வேண்டுதலைச் சொன்னார்கள்.

"எங்க டெல்னாவுக்கு மெடிக்கல் சீட் கிடைக்கணும்" என்றார் மினிமோளின் புருஷன் ஷாஜன்.

"அக்காவுக்கு சீட்டு, எனக்கு சைக்கிள்" என்றான் எட்வின்.

டெல்னாவின் கை வயிற்றை அழுத்திக்கொண்டதை மினிமோள் பார்த்தாள்.

மறுநாள், பங்கின் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டம் பக்கத்து வீட்டில். அங்கேயும் அதே வேண்டுதல். அத்தனை குடும்பமும் சேர்ந்து ஆமென் சொன்னது. காப்பி கொடுக்கும்போது அந்த வீட்டுத் திரேசியாம்மா சேச்சி டெல்னாவின் கன்னத்தைக் கிள்ளினாள்.

"உனக்காக எங்க வீட்டுல தினம் ஒரு ஜெபமாலை கூடுதல், தெரியுமா? சீட் கிடைக்கலேன்னா மாதாவுக்குத்தான் கெட்ட பேரு!"

எல்லாரும் சிரித்தார்கள். மினிமோளால் முடியவில்லை. என் மகளுக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று வருஷத் தொடக்கத்தில் அன்பிய வாட்ஸப் குழுவில் குரல் செய்தி போட்டவளே அவள்தான். தூரத்திலிருந்து தாய் செய்யக்கூடியது வேறென்ன என்று அன்றைக்கு நினைத்தாள்.

ரப்பர் தோட்டத்து வழியாக வீடு திரும்பும்போது டெல்னா பின்தங்கி நடந்தாள். மினிமோளும் நின்று அவளோடு சேர்ந்துகொண்டாள்.

"எப்ப வலிக்குதுன்னு கேட்டியேம்மா. ஜெபத்துல என் பேரைச் சொல்றப்பதான்."

"உன் நல்லதுக்குத்தானேடி கேக்கறாங்க?"

"தெரியும். அதான் ஒண்ணும் சொல்ல முடியல. நான் தோத்தா இத்தனை பேரு ஜெபமும் தோத்த மாதிரி ஆயிடும்."

டெல்னா அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"அடுத்த கூட்டம் நம்ம வீட்டுலதானே? என் பேரை விட்டுடச் சொல்லும்மா. நீதான கேட்ட, நீயே எழுந்து சொல்லு. வேணும்னா ரப்பர் விலைக்கு வேண்டிக்கட்டும். ஏறலேன்னா யாரும் மரத்துக்கிட்ட வந்து ஏன்னு கேக்க மாட்டாங்க."